சட்டிச்சோறும் சம பங்கும்

குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைத் தாண்டாமல் யாரும் தமிழில் பட்டம் வாங்கிவிட முடியாது. கூடலூர் கிழார் பாடியது. மணமாகிப் புதுக்குடித்தனம் போன பெண்ணின் வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய செவிலித்தாய், பெற்ற தாயிடம் கண்டதைச் சொல்கிறாள். கட்டித் தயிரைக் கையால் பிசைந்தாள். பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டாள். தாளித்த புகை கண்ணை நிறைத்தது. தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாக இருக்கிறதென்று உண்டான். அவள் முகம் உள்ளூர மலர்ந்தது. அடுப்புக்குப் புதியவளான ஒரு பெண்ணை இவ்வளவு அருகில் நின்று பார்த்த பழம்பாட்டு வேறொன்றை நான் படித்ததில்லை.

திண்டுக்கல்லில் பல ஆண்டுகளாக இந்தப் பாட்டை மாணவிகளுக்கு நடத்தி வருகிறேன். தேர்வில் இதற்கு வரும் கேள்வி மாறுவதே இல்லை: தலைவியின் இல்லற மாண்பை விளக்குக. ஒருமுறை வேடசந்தூர்ப் பக்கமிருந்து வந்து படித்த மாணவி எழுந்து, "அம்மா, கடைசில அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பாட்டில் அதற்கு விடை இல்லை. அவன் உண்டான், அவள் மகிழ்ந்தாள் என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையிலும் இதே இடத்தில் இதே மௌனம்தான். மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில், மாதரி கொடுத்த காய்களையும் அரிசியையும் கொண்டு கண்ணகி சமைக்கிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. ஐயை வைக்கோலால் தீ மூட்டிக் கொடுக்கிறாள். கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். அவன் சிலம்போடு கிளம்பிவிடுகிறான், திரும்பி வரவில்லை. அன்று அவள் உண்டாளா என்று இளங்கோ சொல்லவில்லை. நாமும் கேட்டதில்லை.

அந்த மாணவியின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பண்டத்தின் வரலாற்றைப் பார்க்க விரும்புகிறேன். கொத்துக்கறியை வதக்கி அடியில் பரப்பி, அதன்மேல் மசித்த உருளைக்கிழங்கை மூடிச் சுட்டெடுப்பது. ஆங்கிலேயர் இதை ஷெப்பர்ட்ஸ் பை என்பார்கள். சமையலே தெரியாத ஒருத்தி முதன்முதலாக எந்தக் கறியைச் செய்யலாம் என்று மாணவிகள் கேட்டால், பிரியாணி ஊரில் இருந்துகொண்டு நான் இதைத்தான் சொல்கிறேன். அதற்குக் காரணம் உண்டு.

முதலில் கறி. சங்கப் பாடல்களில் கறி என்றால் மிளகு. இன்று எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை "கறி எடுத்தாச்சா?" என்று கேட்டால் அது ஆட்டிறைச்சி. ஒரு சொல் மிளகுக்கொடியிலிருந்து இறங்கி வெட்டுக்கட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் இறைச்சி சமைத்த பெண்கள் அந்தக் காலத்திலேயே பாட்டில் இருக்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிப் பெண்கள் பாரையால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். நிலத்தில் பதித்த உரலில் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றின் உவர்நீரை முகந்து, விளிம்பு உடைந்த பானையில், சிதைந்த அடுப்பில், உலர்ந்த இறைச்சியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். வருகிற பாணர்களுக்குத் தேக்கிலையில் குவித்துக் கொடுக்கிறார்கள். நிலத்தைக் கிளறுவதிலிருந்து இலையில் இடுவது வரை அத்தனை வேலையும் அவர்களுடையது. பொருநராற்றுப்படையில் வரும் பொருநனோ, கரிகாலன் அரண்மனையில் தின்ற இறைச்சியால் தன் பல் உழுத கொழுவைப் போல மழுங்கிவிட்டதாகச் சொல்கிறான். தின்று பல் தேய்ந்தவனின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கிளறியும் குற்றியும் கை தேய்ந்தவளின் குரல் கிடைக்கவில்லை. இல்லற மாண்புக்கு எடுத்துக்காட்டாகவும் அவள் வினாத்தாளுக்குள் வருவதில்லை. வருபவள் தயிர் பிசைந்தவள்.

அடுத்தது கிழங்கு. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக விளைவித்தது. ஸ்பானியர் 16-ஆம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள்; கடல்வழியாக வந்த ஐரோப்பியர் மூலம் இந்தியாவுக்கு வந்தது. தமிழ்நாட்டு மலைகளில் அது வேர்பிடித்ததற்கு 1820-களில் உதகையில் குடியேறிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவனைச் சொல்வார்கள். எங்கள் பக்கத்துக் கதை பழனி மலையில் நடந்தது. 1790-இல் கும்பினிப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடித்தது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இந்தச் சீமையைக் கொடுக்க நேர்ந்தது. 1821-இல் வார்டு என்ற அதிகாரி மலையை அளந்தார். 1845-இல், சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பலரைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பிறகு ஐரோப்பியக் குடும்பங்கள் கோடைதோறும் வந்தன. ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையத்துக்கே 'கொடைக்கானல் ரோடு' என்று பெயராயிற்று.

மலைச்சாலை போடும்வரை துரைசானிகள் நாற்காலியிலும் டோலியிலும் ஏறிப் போனார்கள். தூக்கியவை மனிதத் தோள்கள். அவர்களுடைய பெட்டி, படுக்கை, பாத்திரங்கள் தலைச்சுமையாகப் போயின. இன்று பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்துக் கிழங்கு லாரியில் இறங்கி வருகிறது. கடைக்காரர் அதை மலைக்கிழங்கு என்று தனியாகக் குவித்து, இரண்டு ரூபாய் கூட்டி விற்கிறார். வயலில் அந்தக் கிழங்கைத் தோண்டிப் பொறுக்குவதில் பெரும்பங்கு இன்றும் பெண்கள் கைதான்.

இனிப் பண்டம். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'காட்டேஜ் பை' என்ற பெயர் புழக்கத்துக்கு வருகிறது. காட்டேஜ் என்றால் குடிசை. மாவு பிசைந்து மூடி செய்ய வசதியில்லாத வீட்டில் கிழங்கே மூடியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சுட்ட இறைச்சியில் மிஞ்சியதைக் கொத்திப்போட்டு மறுநாள் செய்வது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 'ஷெப்பர்ட்ஸ் பை' என்ற பெயரும் சேர்ந்தது. ஆட்டிறைச்சி என்றால் இது, மாட்டிறைச்சி என்றால் அது என்று பின்னால் பிரித்தார்கள். மிச்சத்தை மறுவேளைக்கு ஆக்குவது ஏழை வீட்டுப் பெண்ணின் சாமர்த்தியம். எங்கள் பாட்டிமார் சுண்டவைத்த குழம்பில் காட்டியதும் அதே சாமர்த்தியம்தான்.

அந்தக் குடிசைப் பண்டம் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது பங்களாப் பண்டமாயிற்று. இங்கே அதைச் சமைத்தது யார்? 1878-இல் சென்னையில் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் ராணுவ அதிகாரி கென்னி-ஹெர்பர்ட் ஒரு சமையல் நூல் வெளியிட்டார். சென்னை மாகாணத்து ஐரோப்பிய வீடுகளுக்காக எழுதியது. அதில் சமையற்காரர் எல்லோருக்கும் ஒரே பெயர்: ராமசாமி. ராமசாமிக்கு எதைச் சொல்லித்தர வேண்டும், எதில் அவனைக் கண்காணிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வருகிறது. 1888-இல் ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் எழுதிய இல்லப் பராமரிப்பு நூல் வந்தது. கப்பலிலிருந்து இறங்கும் இளம் ஆங்கிலப் பெண்ணுக்கான வழிகாட்டி அது. அவளும் அடுப்புக்குப் புதியவள்தான். ஆனால் அந்த நூல் அவளுக்குச் சமைப்பதோடு சேர்த்துச் சமைக்க வைப்பதையும் கற்றுத்தந்தது. சரக்கறைச் சாவி, கணக்குப் புத்தகம், வேலையாட்களின் கடமைப் பட்டியல் எல்லாம் அதில் உண்டு. ஒரு பெண் எழுத்தறிவால் பெற்ற அதிகாரம் வேறு பெண்களின் முதுகில் ஏறி நின்றதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்த வேறு பெண்களில் ஒருத்தியை அகராதியில் தேடிப் பிடிக்கலாம். 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கில இந்தியச் சொற்களஞ்சியத்தில் 'டன்னிகெட்ச்' என்றொரு சொல் இருக்கிறது. சென்னை வீடுகளில் தண்ணீர் சுமந்து, எடுபிடி வேலையும் செய்யும் பெண்ணைக் குறிப்பது, தமிழிலிருந்து திரிந்தது. தண்ணீர்க்காரி என்ற சொல்லின் நொறுங்கல். கிழங்கைக் கழுவிய தண்ணீர் அவள் சுமந்தது. ராமசாமிக்குப் பொய்ப்பெயராவது இருந்தது. அவளுக்குத் தொழிலின் பெயரும் முழுதாக மிஞ்சவில்லை.

ஐரோப்பியர் வீட்டு அடுப்படியில் ஒடுக்கப்பட்ட சாதியார் பலர் வேலை பார்த்ததற்குக் காரணம் எளியது. இறைச்சியையும் மதுவையும் எச்சில் தட்டையும் தொட மேல்சாதியார் மறுத்தார்கள். அந்த அடுப்படியிலிருந்துதான் தமிழுக்கு ஒரு கொடை வந்ததாக அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டைத் துரை மூலமாக எல்லிஸ் கைக்குச் சேர்த்தவர். தமிழ்த்துறையில் சம்பளம் வாங்கும் எனக்கு இந்தச் செய்தி எப்போதும் பெரிதாகத் தோன்றும். நாங்கள் நடத்தும் பாடநூலின் பின்னால் ஒரு சமையலறை இருக்கிறது.

தமிழில் புதியவளைப் பார்த்து நேராகப் பேசிய நூல் 1951-இல் வந்தது. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. இளம் வயதில் கணவரை இழந்தவர்; குறிப்புக் கேட்ட உறவினருக்கு எழுதி அனுப்பியதே நூலாக விரிந்தது. தலைப்பே ஒரு ஏவல்: நீ செய், செய்துவிட்டுப் பார். பக்கத்தில் மாமியார் இல்லாமலும் சமைக்கலாம் என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்ன நூல் அது. அந்த வகையில் அது ஒரு விடுதலைப் பிரதி. ஆனால் அது பிராமண வீட்டு மரக்கறிச் சமையல். ஆட்டுக்கறியோ கருவாடோ அதற்குள் இல்லை. கறி சமைக்கும் பெரும்பான்மைச் சாதிகளின் பெண்களுக்கு அப்படியொரு துணைநூல் அப்போது அமையவில்லை. அவர்களுக்குக் கிடைத்தது கைப்பக்குவம்.

கைப்பக்குவம், கைமணம், கண்ணளவு. இந்தச் சொற்களைப் புகழ்ச்சியாகவே கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவற்றில் பெருமை உண்டு; தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அறிவு உண்டு. கூடவே ஒரு பூட்டும் உண்டு. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர், சொல்லலாம். உப்பு எவ்வளவு என்று கேட்டால் "பார்த்துப் போடு" என்பார்கள். எதைப் பார்ப்பது? பார்க்கத் தெரிந்தவளுக்கு அளவு தேவையில்லை. தெரியாதவளுக்கு அந்தப் பதில் உதவாது. அளவு சொல்லப்படாத வரை, புதிதாக வந்த மருமகள் மூத்தவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக் கூடினால் "அவங்க வீட்ல இப்படித்தான் போல" என்று அவள் தாயையும் ஊரையும் சேர்த்துப் பேசலாம். கைமணம் என்று புகழும்போது உழைப்பும் பயிற்சியும் மறைந்து, ஏதோ பிறவியிலேயே பெண் விரலில் ஊறி வந்த வாசனையாகிவிடுகிறது. பிறவியில் வந்ததற்கு யாரும் கூலி தருவதில்லை.

அதே சமையல் கடையேறினால் கதை வேறு. 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கினார். அவர் கட்டிய தலைப்பாகை கடையின் பெயராகி, இன்று கடல் தாண்டியும் தெரிகிறது. சீரகச்சம்பா அரிசியும் சிறு துண்டாக வெட்டிய கறியும் எங்கள் ஊரின் முகவரியாயின. அவருடைய உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் ஊரின் சமையலுக்கு ஓர் அடையாளம் வேண்டியபோது தலைப்பாகை கிடைத்தது, முந்தானை கிடைக்கவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன்.

கறிக்கடையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடை வாசலில் நிற்பவர்களில் ஆண்களே மிகுதி. எலும்போடு எவ்வளவு, தனிக்கறி எவ்வளவு, தொடையில் போடு, சவ்வை எடு என்று கேட்டு வாங்கும் அறிவு அவர்களிடம் இருக்கிறது. கறி வீட்டுக்கு வந்தபின் அதை மெத்தென்று வேகவைக்கும் பொறுப்பு, தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லாதவளுடையது. ஆகவே முதன்முதலாகச் சமைக்கும் பெண்ணுக்கு நான் சொல்லும் முதல் பாடம் அடுப்பில் தொடங்குவதில்லை. நீயே கடைக்குப் போ. தொடையும் சப்பையும் கலந்து, கொழுப்புக் கொஞ்சம் இருக்க, அரைக்கிலோ தனிக்கறி கேள். கழுவித் தரச் சொல்லி, உன் கண்முன்னே கொத்தச் சொல்.

மற்றதெல்லாம் அளவோடு சொல்கிறேன். பார்த்துப் போடு என்று எதையும் விடப்போவதில்லை. நான்கு பேருக்கு, அரைக்கிலோ கொத்துக்கறிக்கு முக்கால் கிலோ மலைக்கிழங்கு, நூற்றைம்பது கிராம் சின்ன வெங்காயம், இரண்டு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி சோம்பு, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், கறிக்கு ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு. மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் சோம்பு பொரிந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, விழுது, தக்காளி, பிறகு கறி, மஞ்சள், உப்பு. கொத்துக்கறி முதலில் தண்ணீர் விடும். அது சுண்டியபின் ஒரு தம்ளர் வெந்நீர் ஊற்றி மூடி, சிறு தீயில் அரைமணி நேரம். கடைசியில் மிளகு. அடியில் ஈரம் தெரிய வேண்டும், குழம்பாக ஓடக்கூடாது.

கிழங்கை ஒரே அளவுத் துண்டுகளாக்கி, பச்சைத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்போடு போட்டு வேகவையுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்பக்கம் கரையும், நடு வேகாது. வெந்ததும் வடித்து, அதே பாத்திரத்தில் ஒரு நிமிடம் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே கீரை மத்தால் மசியுங்கள். ஐம்பது கிராம் வெண்ணெய், கால் தம்ளர் சூடான பால். மிக்சியில் போட வேண்டாம். கிழங்கின் மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும்.

அகலமான தட்டுப் பாத்திரத்தில் கறியைப் பரப்பி, கிழங்கை ஓரத்திலிருந்து நடுவுக்கு மூடிக்கொண்டு வந்து, மேலே முள்கரண்டியால் கோடு கீறி இரண்டு தேக்கரண்டி நெய் விடுங்கள். ஓவன் இருந்தால் 200 டிகிரியில் 25 நிமிடம். இல்லாவிட்டால் தம் போடும் வழி நம் ஊருக்குத் தெரிந்ததுதான்: தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து அதன்மேல் பாத்திரம், தட்டையான மூடி, மூடியின்மேல் கொட்டாங்குச்சிக் கனல். மேற்பக்கம் சிவந்ததும் இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். உடனே வெட்டினால் சரிந்துவிடும்.

இதை ஏன் முதல் சமையலாகச் சொல்கிறேன்? எங்கள் வட்டாரத்து வீடுகளில் இந்தப் பண்டத்துக்கு மாமியார் கிடையாது. "எங்க காலத்துல இப்படியா வச்சோம்" என்று சொல்ல யாருமில்லை. எந்தச் சாதியின் கைமணமும் இதில் ஏறவில்லை. எந்தக் குலவிருந்திலும் இது படைக்கப்படவில்லை. ஒப்பிட ஆளில்லாத இடத்தில் புதியவள் நிமிர்ந்து நிற்கலாம். சுமந்தவர்களின், பெயரிழந்தவர்களின் வரலாறு இதற்குள் இருக்கிறது, தெரிந்தே சமைக்கலாம்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். எங்கள் வீடுகளில் கறிக்குழம்பு பரிமாறப்படும் வரிசையை நீங்கள் அறிவீர்கள். ஈரல் வீட்டு ஆணுக்கு, நல்லி எலும்பு விருந்தாளிக்கு, நல்ல துண்டுகள் மகன்களுக்கு. கடைசியில் சமைத்தவள் சட்டியில் சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கும் மசாலாவோடு பிசைந்து தின்பாள். அந்தச் சட்டிச்சோற்றின் ருசியைப் பற்றி நாம் உருகி உருகிப் பேசுகிறோம். ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கறி இல்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகையோடு இருப்பதாகச் சொல்கிறது. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. சட்டி வழிப்பது அவற்றில் ஒன்றாக இருக்க முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

குழம்பில் துண்டைத் தேடி எடுக்கலாம். அகப்பையைப் பிடித்த கை யாருக்கு எது என்று முடிவு செய்யும், பெரும்பாலும் தனக்கு எதிராக. இந்தப் பண்டத்தில் தேட வழியில்லை. கறி முழுதும் கிழங்குக்கு அடியில் ஒரே கனத்தில் கிடக்கிறது. ஈரலும் நல்லியும் தனியாக இல்லை. கத்தியால் நேராகக் கோடு போட்டால் எட்டுத் துண்டு, ஆளுக்கு இரண்டு. ஒரு துண்டு குறைந்தால் தட்டில் காலியிடம் தெரியும். யாருடையது என்றும் தெரியும்.

ஆகவே, புதிதாகச் சமைக்கும் தோழிக்கு அளவுகளுக்குப் பின் ஒரு குறிப்பு பாக்கியிருக்கிறது. யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதற்கு முன் வெட்டிவிடு. வெட்டியதும் உன் இரண்டு துண்டையும் தட்டில் எடுத்து வை. பிறகு கூப்பிடு, எல்லோரோடும் உட்கார்.